பத்தையும் பத்தியமும்: ஊவாத் தோட்டங்களில் எலும்புமுறிவு மருத்துவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் குடிபெயர்வு, கங்காணி முறை, கூலி, குடியுரிமைப் பறிப்பு, தொழிற்சங்க இயக்கம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வரலாற்றை முதுகிலே சுமந்த உடல்களைப் பற்றிய ஆய்வு அவற்றோடு ஒப்பிடுமிடத்து மிகக் குறைவு. உடல் பேசப்படும்போதும் பேதி, காய்ச்சல், கொக்கிப்புழு, சிசு மரணம் என்பனவே பேசப்படுகின்றன. மார்கழி மழையில் கொழுந்துக் கூடையோடு சரிவிலே வழுக்கி விழுந்தவளின் மணிக்கட்டும், நிழல்மரம் தறிக்கையில் கிளை விழுந்து முறிந்த தொடையும், தொழிற்சாலை உருளையில் அகப்பட்ட முன்கையும் வரலாற்றாசிரியனின் கண்ணிற் படுவதில்லை. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு இக்குறையின் ஒரு சிறு பகுதியையேனும் நிரப்ப முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எலும்புமுறிவு மருத்துவம் இரண்டு காரியங்களால் ஆனது. முறிந்த முனைகளை நேராக்கி அசையாது பிடித்துவைத்தல் ஒன்று. அவ்வாறு பிடித்துவைக்கப்பட்ட காலத்திலே புதிய எலும்பை ஆக்குதற்கு வேண்டிய பொருளை உடலுக்கு ஊட்டுதல் மற்றொன்று. மூங்கிற் பத்தை முதல் இன்றைய உலோகத் தகடும் மின்கருவியும் ஈறாக யாவும் முதலாவதன்பாற் படும். கஞ்சி முதல் கல்சியம் மாத்திரை வரை யாவும் இரண்டாவதன்பாற் படும். சுருக்கங் கருதி இவற்றைப் பத்தை என்றும் பத்தியம் என்றும் நாம் வழங்குவோம். ஒரே வைத்தியத்தின் இரு பாதிகளாக இருந்த இவை ஊவாத் தோட்டங்களில் எவ்வாறு வெவ்வேறாகப் பிரிந்தன, அப்பிரிவின் சுமை யார் தலையில் விழுந்தது என்பனவே நாம் எழுப்பும் வினாக்கள்.

இவ்விரண்டும் ஒன்றாயிருந்தன என்பதற்குப் பழைய சான்று சுசுருத சங்கிதை. அந்நூலின் சிகிச்சைப் பகுதியிலே மூன்றாம் அத்தியாயம் முறிவு பற்றியது. ஆல், அரசு, அத்தி, மருது முதலிய மரங்களின் பட்டையையும் மூங்கிலையும் பத்தையாகக் கொள்ளலாமென்று அது கூறுகின்றது. கட்டு தளர்ந்தால் மூட்டு நிலைபெறாது, இறுகினால் வீக்கமும் நோவும் சீழும் உண்டாகும் என எச்சரிக்கின்றது. குளிர்காலத்தில் ஏழு நாளைக்கொருமுறையும், மிதமான காலத்தில் ஐந்து நாளைக்கொருமுறையும், கோடையில் மூன்று நாளைக்கொருமுறையும் கட்டை மாற்றவேண்டுமென வரையறுக்கின்றது. காலிலும் இடுப்பிலும் முறிவுண்டவனைப் பலகையிற் கிடத்தி முளையடித்து அசையாது நிறுத்தும் முறையும் அங்கே சொல்லப்படுகின்றது. அதே அத்தியாயத்திலேயே நெல்லரிசிச் சோறு, இறைச்சிச் சாறு, பால், நெய், பயற்று இரசம் ஆகியவற்றை முறிவுண்டவனுக்குக் கொடுக்குமாறும், உப்பு, கார்ப்பு, புளிப்பு, வறட்டுணவு, வெயில், உடலுழைப்பு ஆகியவற்றை விலக்குமாறும் விதிக்கப்பட்டுள்ளது. எம்மை மிகவுங் கவர்ந்தது இவ்விதிகளுக்கு முன்னர் வரும் ஒரு கூற்று. குறைவாக உண்பவனுடைய முறிவு வருந்தியே குணமாகும் என்று நூலாசிரியர் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றார். பத்தையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே வயிற்றைப் பற்றிப் பேசியமை தற்செயலானதன்று.

இலங்கையிலே சிங்கள மக்களிடையே கெடும் பிந்தும் வெதகம என வழங்கும் முறிவு நெரிவு வைத்தியம் இம்மரபோடு உறவுடையது. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பேணப்படும் தனிக்கலை அது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் பின்னர் இத்தகைய மரபு வைத்தியர் பதிவு பெறவும் வழி ஏற்பட்டது. ஊவாவின் கிராமங்களிலும் இவ்வைத்தியர் இருந்தனர், இன்றும் உளர். அவர்களிடம் தோட்டத் தமிழரும் சென்றனர் என்பது இனங்களுக்கிடையிலான உறவை ஆராய்வோர் கவனிக்கவேண்டிய செய்தி. ஆற்றுக்கு அப்பாலுள்ள கிராமத்து வெதமாத்தயாவின் எண்ணெய்க்கு லயத்தில் மதிப்பிருந்தது. தமிழர் பிரண்டை என்றும் சிங்களவர் ஹீரெஸ்ஸ என்றும் அழைக்கும் கொடி இரு சாராருக்கும் பொதுவான மருந்து. தமிழகத்திலிருந்து வந்தோர் தம்மோடு கொண்டுவந்த கைவைத்தியமும் உண்டு. முட்டை வெண்கருவில் உளுத்தம்மாவைக் குழைத்துப் பற்றிட்டு, மேலே துணி சுற்றி, மூங்கிற் பத்தை வைத்துக் கட்டுவதும், உளுத்தங்களியும் ஆட்டுக்கால் சாறும் பிரண்டைத் துவையலும் உண்ணக் கொடுப்பதும் அவ்வைத்தியத்தின் அங்கங்கள். உளுந்து உடலின் மேலே கட்டாகவும் உள்ளே களியாகவும் அமைவதைக் காண்க.

நாட்டு வைத்தியத்தைப் போற்றிப் பாடுவது எமது எண்ணமன்று. இறுகக் கட்டிய கட்டினால் இரத்தவோட்டம் தடைப்பட்டு விரல்கள் கறுத்தவர்களும், கோணலாகப் பொருந்திய காலோடு வாழ்நாள் முழுதும் நொண்டியவர்களும் எல்லா நாட்டிலும் உளர். எக்ஸ் கதிர் இல்லாத கை எவ்வளவு தேர்ந்ததாயினும் மூட்டுக்குள் நிகழ்ந்த முறிவை முற்றாக அறிய மாட்டாது. அம்மரபு பத்தையையும் பத்தியத்தையும் பிரித்து நோக்கவில்லை என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி. பிரண்டையைப் பொறுத்தவரை அது வெறும் நம்பிக்கையன்று என்பதற்கும் ஓரளவு சான்றுண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடுப்பாவும் பிரசாதும் 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் விலங்குகளின் எலும்புமுறிவில் பிரண்டை நற்பயன் விளைப்பதைக் காட்டின. விலங்கிற் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது என்பதையும் உடன் சொல்லிவைக்க வேண்டும்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியர் வயல்களையும் கால்நடைகளையும் அழித்தனர். வெல்லசப் பகுதியின் உணவுப் பொருளாதாரம் நிலைகுலைந்தது. அதன்மேல் எழுந்ததே கோப்பித் தோட்டம். 1869இல் இலைத்துரு நோய் கண்டபின் கோப்பி படிப்படியாக மடிய, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். பசறை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை என மலையெங்கும் லயங்கள் எழுந்தன. அங்கே குடியேறியோரிற் பெரும்பாலோர் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலிய மாவட்டத்தார்.

அவர்கள் ஊரில் உண்டது என்ன, தோட்டத்தில் உண்டது என்ன என்ற வினா எலும்பு வரலாற்றிற்கு இன்றியமையாதது. வானம் பார்த்த பூமியிலே வாழ்ந்த உழைப்பாளரின் அன்றாட உணவு கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றின் கூழும் களியுமே. நெற்சோறு விழாநாளுக்கும் மேலோர் வீட்டுக்கும் உரியதாயிருந்தது. தோட்டத்திலோ அரிசியே கூலியின் ஒரு பகுதியாக அளக்கப்பட்டது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி அது. அரிசிச் சோறு கிடைக்கும் என்பது ஆட்கட்டும் கங்காணியின் வாயிலே ஒரு கவர்ச்சியாகவும் விளங்கியது. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்க, தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராமே உண்டு. சிங்களவர் குரக்கன் என்று கூறும் இத்தானியம் ஊவாவின் தாழ்நிலச் சேனைகளிலே விளைந்ததுதான். சேனைச் செய்கையைக் குடியேற்ற அரசு கட்டுப்படுத்தி வந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ பயிரிட நிலமும் இல்லை, நேரமும் இல்லை. அவன் சமூகப் படியில் ஒரு படி ஏறியதாக எண்ணி உண்ட சோறு எலும்பைப் பொறுத்தவரை ஒரு படி இறக்கமாயிற்று. பால், கீரை, நெத்தலி என்பன சேர்ந்திருந்தால் இவ்விழப்பு ஈடுசெய்யப்பட்டிருக்கும். லயத்துக் கொட்டிலில் மாடு நின்ற வீட்டிலும் பால் பெரும்பாலும் விலைக்கே போயிற்று.

நீலகிரியின் குன்னூரில் ஆய்வுகூடம் அமைத்திருந்த றொபேட் மக்கறிசன் 1920களில் இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமையும் பாலும் கீரையும் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர, தென்னாட்டின் அரிசியுணவை உண்டவை மிகப் பின்தங்கின. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கப்பட்ட மாவட்டங்களுக்கு அண்மையிலேயே இவ்வுண்மை நிறுவப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சட்டம் என்ன செய்தது? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம் நோயுற்ற தொழிலாளிக்கு வேலைகொள்வோர் உறையுளும் உணவும் மருத்துவமும் அளிக்கவேண்டுமென்றும், அந்நாட்களுக்கு அவனுக்குக் கூலியில்லை என்றும் விதித்தது. ஏட்டளவிலேனும் உணவும் மருந்தும் அங்கே ஒருசேர நின்றன. நடைமுறையிலோ நோயாளிகள் தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டு வழியோரங்களிலும் நகர வைத்தியசாலை வாயில்களிலும் கிடந்து மடிந்தனர். அவ்வவலம் மறைக்க முடியாத அளவுக்குப் பெருகியபோதே 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகளுக்கு மாவட்ட வைத்திய அதிகாரிகளும் வைத்தியசாலைகளும் வந்தன. செலவுக்காகத் தோட்டத்துறையிடமிருந்து பணம் அறவிடப்பட்டது. 1912ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் பற்றியும் தொழிலாளர் நோய்கள் பற்றியும் 9ஆம், 10ஆம் இலக்கச் சட்டங்கள் இயற்றப்பட்டன. தோட்ட மருந்தகமும் மருந்துக்காரரும் நிலையான காட்சியாயினர்.

இச்சட்டங்களின் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவற்றின் உள்நோக்கு கவனிக்கற்பாலது. வாந்திபேதியும் அம்மையும் ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்கும், லயத்திலிருந்து துரையின் பங்களாவுக்கும் பரவக்கூடியன. அவற்றைத் தடுப்பது உழைப்புப்படை முழுவதையும் காப்பதாகும். முறிந்த கால் எவருக்கும் தொற்றுவதில்லை. அது ஒரு குடும்பத்தின் துயரமாகவே நின்றுவிடும். பெரட்டுக்களத்தில் ஒரு பேர் குறையும், அவ்வளவே. மூலதனத்தின் கணக்கிலே தொற்றுநோய் பெற்ற கவனத்தை எலும்புமுறிவு பெறாமற் போனமைக்கு இதுவே காரணம் என்பது எமது கருத்து. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்திற்கும் இவ்விளக்கம் பொருந்தும். சோகை பிடித்த தொழிலாளியின் உழைப்பு குறைவு. புழுவை நீக்கினால் உழைப்பு கூடும். அவ்வியக்கத்தால் எலும்புமுறிவுக்கும் மறைமுகமான நன்மை விளைந்திருத்தல் கூடும். புழுவால் இரத்தமும் புரதமும் இழந்த உடலில் எப்புண்ணும் எளிதில் ஆறாது. ஆனால் புழுவை நீக்கிய பின்னர் வயிற்றுக்கு என்ன கொடுப்பது என்ற வினாவுக்கு அவ்வியக்கம் விடை கூறவில்லை.

வழி ஒரு பெருந்தடை. புகையிரதம் பண்டாரவளையை 1894இல் அடைந்தது. பதுளையை அடைந்ததோ 1924ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலேயே. இடையிலே முப்பது ஆண்டுகள். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையிலே தன்னையே சுற்றிச் செல்லும் பாதையும் அமைக்கப்பட்டது அவ்விடைக்காலத்திலேயே. அப்பாதை தேயிலைப் பெட்டிக்காகவே போடப்பட்டது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நமுனுகுலைச் சரிவிலோ லுணுகலைப் பக்கத்திலோ தொடை முறிந்தவனுக்குப் புகையிரதம் இருந்தும் பயனில்லை. கம்பிளியில் கட்டித் தோளிற் சுமந்து குறுக்குப் பாதையால் இறக்குவதே வழி. அவ்வாறு இறக்கும்போது முறிந்த முனைகள் அசைந்து சதையையும் குருதிக் குழாயையும் கிழிக்கும். முதலாம் உலகப் போரில் இவ்வுண்மையை ஐரோப்பியர் பெருவிலை கொடுத்துக் கற்றனர். 1875இல் ஹியூ ஓவன் தோமஸ் விவரித்த இரும்புச் சட்டத்தைக் காயப்பட்ட இடத்திலேயே காலிற் பூட்டி அனுப்பும் வழக்கம் வந்தபின் தொடைமுறிவால் இறந்தோர் விகிதம் நூற்றுக்கு 80 அளவிலிருந்து ஏறத்தாழ 20க்கு இறங்கிற்று என்று கூறுவது மருத்துவ நூல்களின் வழக்கு. போர்வீரனுக்குக் கிடைத்த அவ்வறிவு மலைச்சரிவில் விழுந்த கூலிக்கு எப்போது எட்டியது என்பதே வரலாற்று வினா.

பத்தையின் வரலாறு அதன்பின் வெகு விரைவாக ஓடியது. ஒல்லாந்த இராணுவ வைத்தியர் மத்தைசன் 1850களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய பாரிசுச் சாந்துக் கட்டு உலகெங்கும் பரவியிருந்தது. எம்மவர் அதை மாக்கட்டு என்றனர். ஜெர்மனியின் குன்ச்சர் 1939இல் எலும்பின் உட்குழலிலே ஆணியைச் செலுத்தினார். சோவியத் நாட்டின் குர்கான் நகரிலே 1950களில் இலிசாரோவ் வளையச் சட்டத்தை வளர்த்தெடுத்தார். 1958இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் குழுவொன்று தகடும் திருகாணியும் கொண்ட முறையை ஒழுங்குபடுத்தியது. 1957இல் யப்பானின் புக்காடாவும் யசுடாவும் எலும்பு அழுத்தத்தின்போது மின்னூட்டம் பெறுகின்றது எனக் கண்டதிலிருந்து மின்காந்தக் கருவிகளும், பின்னர் செவிக்கெட்டா ஒலியைப் பயன்படுத்தும் கருவிகளும் சந்தைக்கு வந்தன. இவற்றுள் ஆணியும் தகடும் பதுளைப் பெரியாஸ்பத்திரியிலே இலவசமாகக் கிடைக்கும் நிலை சுதந்திர இலங்கையின் சுகாதாரக் கொள்கையின் பெரும் வெற்றி. அதைக் குறைத்து மதிப்பிடுவார் வரலாறு அறியாதார்.

பத்தியத்தின் வரலாறோ வேறு திசையிற் சென்றது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானபின் அரிசி வரவு குன்றிப் பங்கீடு வந்தது. கோதுமை மா அவ்விடத்தை நிரப்பத் தொடங்கிற்று. போருக்குப் பின்னும் மா நிலைத்தது. காலையில் ரொட்டியும் சம்பலும், மாலையிலும் ரொட்டி என்பது லயத்தின் வழமையாயிற்று. வெளுத்த கோதுமை மாவிலும் கல்சியம் மிகச் சொற்பமே. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே உணவுப் பங்கீடு குறைக்கப்பட்டு, மாவின் விலை ஏறி, வேலை நாட்களும் சுருங்கியபோது தோட்டங்களிற் பட்டினி தலைவிரித்தாடியது. தோட்டப்புற இறப்பு வீதம் உயர்ந்தது. பட்டினியால் இறந்தோரைப் பற்றி எழுதினார்கள், எழுதவும் வேண்டும். அவ்வாண்டுகளில் எலும்பு முறிந்து இறவாது எஞ்சியோரின் கதி எழுதப்படவில்லை. குறைவாக உண்பவனுடைய முறிவு வருந்தியே குணமாகும் என்ற பழைய கூற்றுக்கு உரை எழுத அவர்களே போதும்.

உடல் முறிவை ஒட்டும் விதத்தைச் சற்று விளக்குவது இங்கே பயனுடையது. முறிவிடத்தில் முதலில் இரத்தம் உறையும், அழற்சி தோன்றும். சில வாரங்களில் குருத்தெலும்பு கலந்த மென்மையான பிணைப்பு உருவாகும். பின் அதிற் கல்சியமும் பொசுபரசும் படிந்து அது வன்மை பெறும். இறுதியில் மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காக, அது தன் பழைய வடிவுக்குச் செதுக்கப்படும். மென்பிணைப்பின் நாருக்குப் புரதம் வேண்டும். அந்நார் உறுதிபெற விற்றமின் சீ வேண்டும். கல்சியத்தை குடல் ஏற்க விற்றமின் டீ வேண்டும். வளர்ந்தவரின் மணிக்கட்டுக்கு ஏறத்தாழ ஆறு வாரமும் கீழ்க்காலின் பெரிய எலும்புக்கு மூன்று நான்கு மாதமும் ஆகும். இளைஞனுக்கு ஒரு மாதம், நடுவயதினனுக்கு இரண்டு, முதியோனுக்கு மூன்று எனச் சுசுருதர் கொண்ட கணக்கு நோக்கத்தக்கது. இம்மாதங்களிலே தோட்டத் தொழிலாளிக்குப் பேர் விழுவதில்லை. பேர் விழாத வீட்டில் முதலிற் குறைவது கறியும் மீனும் பாலும். அதாவது உடலுக்கு மிகுதியாக வேண்டிய காலமும் அடுப்பில் மிகக் குறைவாக வேகும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இவ்விடத்திலே தலையிட்டிருக்கலாம். வேலையின்போது நேரும் விபத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியமை அதன் சிறப்பு. ஆயினும் அது உறுப்பிழப்பை உழைப்புத் திறன் இழப்பின் விகிதமாக அட்டவணையிட்டு விலைகூறும் சட்டம். குணமாகும் காலத்திற்குரிய கொடுப்பனவு அதில் உண்டெனினும் ஊட்டம் என்ற கருத்து அதிலில்லை. இழந்த விரலுக்கு விலை உண்டு; விரல் இழக்கப்படாதிருக்க உண்ண வேண்டியதற்கு விலை இல்லை. மேலும், வேலைக்கு வெளியே விழுபவர் அதன் எல்லைக்குள் வாரார். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து, பல பிள்ளை பெற்று, ஓய்வு பெற்று, சேமலாப நிதியையும் மகன் கலியாணத்திற்குச் செலவிட்டுவிட்ட மூதாட்டி லயத்துப் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் சட்டத்தின் கண்ணில் அது அவள் சொந்த விடயம். அவ்வெலும்பு மெலிந்தது நாற்பது ஆண்டு வேலையிலன்றோ?

அண்மைக்கால ஆய்வுகள் பத்தையையும் பத்தியத்தையும் மீண்டும் ஒன்றுசேர்க்க முயல்கின்றன. அவற்றின் முடிவுகள் எம் வினாவுக்கு நேரடியாகப் பயன்படுவன. 1990இல் ஜெனீவா வைத்தியர்கள் தொடையெலும்பின் கழுத்து முறிந்த 59 மூதாளரை ஆராய்ந்தனர். வைத்தியசாலை உணவோடு நாள்தோறும் புரதம் செறிந்த பானம் பெற்றோர் மற்றோரிலும் தெளிவாக நன்கு தேறினர். 2022இல் அமெரிக்காவின் அயோவாவில் முறிவுக்கு அறுவை செய்யப்பட்ட 400 பேரிடை நடந்த ஆய்விலே அமினோ அமிலக் கலவை பெற்றோருக்குச் சிக்கல்கள் குறைந்தன. செல்வ நாட்டிலேயே ஊட்டம் இவ்வாறு வேறுபாடு செய்யுமாயின் லயத்தில் அது என்ன செய்யும் என்று எண்ணிப்பார்க்கலாம். மறுபுறம், விலையுயர்ந்த கருவிகளின் கதை வேறு. செவிக்கெட்டா ஒலிக் கருவி 1994இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றுப் பெருவிற்பனை கண்டது. 2016இல் வெளியான, கீழ்க்கால் முறிவுற்ற 501 பேரைக் கொண்ட பெரிய ஆய்வில் அதனால் எலும்பு விரைவாகப் பொருந்தவுமில்லை. நோயாளி விரைவாக நடமாடவுமில்லை. அடுத்த ஆண்டில் அனைத்துலக வைத்தியர் குழுவொன்று புதிய முறிவுகளுக்கு அதனைப் பயன்படுத்த வேண்டாமென வெளிப்படையாகப் பரிந்துரைத்தது. பல மாதமாகியும் பொருந்தாத எலும்பைப் பற்றிய விவாதம் முற்றவில்லை. மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. நன்றாக உண்பவன் மேலதிகமாக விழுங்கும் கல்சியம் அவன் முறிவை விரைந்து ஒட்டும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. குறையுள்ளவனுக்குக் குறையை நிரப்புவதே பயன் தருவது.

இதன் பொருள் யாது? ஊட்டத்தால் மிகுதியும் நன்மை பெறக்கூடியவர் அதனை வாங்க இயலாதவர். வாங்க இயன்றவருக்கு அது பெரிதும் தேவையில்லை. நகரத்து மருந்துக்கடையின் தட்டில் எலும்புக்கென விற்கப்படும் வண்ண டப்பா இம்முரண்பாட்டின் சின்னம். ஒரு டப்பாவின் விலையில் லயத்துக் குடும்பம் நெத்தலியும் முட்டையும் பருப்பும் பல நாளைக்கு வாங்கும். கடன் பட்டுக் கருவியும் டப்பாவும் வாங்கி, அக்கடனுக்காக அடுப்பைச் சுருக்கும் குடும்பம் எலும்பிலிருந்தே எடுத்து எலும்புக்குக் கொடுக்கின்றது.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளுக்குச் சென்றது. தோட்ட மருந்தகங்களுட் பல கட்டங்கட்டமாக அரச சுகாதார சேவையுடன் இணைந்தன. மாற்றங்கள் பல நிகழ்ந்தும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். நாடு முழுவதற்குமான விகிதம் 17.3. உயரம் என்பது எலும்பின் நீளமேயன்றி வேறென்ன? நாளை கூடை சுமக்கும் எலும்பு பிள்ளைமடுவத்திலேயே குறைபட்டுவிடுகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது நாடு சில வாரம் ஊவாவை நோக்கியது. சரிவில் வாழ்வதன் அன்றாட விலை அத்தகைய பேரிடர்களில் மட்டும் அடங்கியதன்று. ஒவ்வொரு வடகீழ்ப் பருவமழையிலும் ஒவ்வொரு எலும்பாக அது செலுத்தப்பட்டு வருகின்றது.

ஊட்டத்தை அரசு வழங்குவது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1973இல் தொடங்கிய திரிபோசத் திட்டம் சோளமும் சோயாவும் பாற்பொடியும் கலந்த சத்துமாவைக் கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் வழங்கி வந்துள்ளது. பசறையிலோ வெலிமடையிலோ கால் முறிந்து மூன்று மாதம் கிடப்பவருக்கு அத்தகைய பொதியொன்று கொடுக்க அறிவியல் தடையில்லை. நிருவாகத் தடையும் பெரிதில்லை. வைத்தியசாலைச் சீட்டிலே மாத்திரையின் பெயரோடு அதனையும் எழுதலாம். 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் ஒப்புக்கொண்ட கடமை, பொறுப்பேற்பவர் மாறியிருப்பினும், இன்னும் தீர்க்கப்படாத கடனாகவே நிற்கின்றது.

இத்துறையில் ஆய்வை முன்னெடுக்க விரும்பும் இளைஞருக்கு ஒன்று கூறுவோம். மருந்தகப் பதிவேடு விபத்தின் நாளைக் காட்டும். செக்றோல் அப்பெயருடையார் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்பதைக் காட்டும். அரிசிக் கணக்கும் கடைக் கணக்கும் அந்நாட்களில் அவ்வீட்டுக்கு என்ன சென்றது என்பதைக் காட்டும். இம்மூன்றும் ஒரே தோட்டத்தில் எஞ்சியிருக்குமாயின், ஒரு முறிவு ஒட்ட எடுத்த காலத்தை உணவோடு ஒப்பிட்டு ஆண்டாண்டாக எழுதிவிடலாம். தோட்டக் கந்தோரின் பழைய அலுமாரிகளில் கறையான் எட்டுமுன் அவற்றைத் தேடவேண்டும்.